பத்தியச் சாப்பாடு

இரும்பு வாணலி சமையல் மாஸ்டரின் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. அடுத்து வந்த கரண்டி குறி தவறவில்லை. புருவம் கிழிந்து, வெள்ளைக் கோட்டில் ரத்தம் சொட்டியது.

"எதிர் ஓட்டல் மேனேஜர் எதுக்குடா தினம் இங்க வந்து சாப்பிடுறான்? உன்னைத் தூக்கிட்டுப் போகத்தானே?"

முதலாளி மாஸ்டரின் பிடரியைப் பிடித்து, எரிகிற அடுப்பின் பக்கம் அமுக்கினார். மீசை பொசுங்கும் வாடை அடித்தது. காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்ந்தால் அடுத்த கரண்டி யாருக்கு என்று அவர்களுக்குத் தெரியும்.

"நான் எங்கயும் போகல முதலாளி."

"போய்ப் பாரு. உன் தம்பிக்கு விரல்தான் போச்சு. உனக்குக் கையே இருக்காது."

சொன்னால் செய்கிற ஆள்தான். வேலையை விட்டுப் போகிறேன் என்ற பாவத்துக்கு, இங்கேயே ரொட்டி போட்டுக்கொண்டிருந்த அந்தத் தம்பியைப் பிடித்து, குளிர் அறைக் கதவில் விரல்களை வைத்துச் சாத்தியவர். அந்தப் பையன் இனி ஜென்மத்துக்கும் மாவு பிசைய முடியாது.

கொடுமை என்னவென்றால், திறமைசாலிகளைத் தக்கவைப்பது எப்படி என்று ஓட்டல் முதலாளிகள் சங்கத்தில் பேச இவரைத்தான் கூப்பிடுகிறார்கள். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று ஆரம்பிப்பார். அந்தக் கை அணைத்ததை மட்டும் இதுவரை ஒருவரும் பார்த்ததில்லை.

அடித்த களைப்பில் முதலாளிக்கு மூச்சு வாங்கியது. முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். கொஞ்ச நாளாகவே முகம் ஊதிப்போய், கால் செருப்புக்குள் நுழையாமல் அவஸ்தைப்படுகிறார்.

"என் தட்டு எங்கடா?"

பலவீனமான இதயம். ஒரு கல் உப்புகூட ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தம்பிக்கு அப்படி ஆன பிறகு, முதலாளியின் பத்தியச் சாப்பாட்டை மாஸ்டரே கேட்டு வாங்கிப் பொறுப்பேற்றுக்கொண்டார். அதை வேறு யாரையும் ருசி பார்க்கக்கூட விட்டதில்லை.

முதலாளி சூப்பை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுக் கண்ணை மூடினார். "உப்பே இல்லாம எப்படிடா இந்த ருசி? வீட்ல பண்ணினா மண்ணு மாதிரி இருக்கு."

"கொஞ்சம் எலுமிச்சை, கொஞ்சம் மிளகு. அவ்வளவுதான் முதலாளி."

மதியக் கூட்டம் அடங்கியதும், மாஸ்டர் குப்பைக் கூடையோடு பின்பக்கச் சந்துக்கு வந்தார். எதிர் ஓட்டல் மேனேஜர் அங்கே காத்திருந்தார். மாஸ்டரின் புருவத்தைப் பார்த்ததும் கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

"இன்னைக்கும் அடியா? போதும் மாஸ்டர். எங்க கிச்சன்ல உங்க மேல ஒரு விரல் படாது. உங்க தம்பிக்கும் ஒரு வேலை போட்டுத் தர்றேன். வேன் நிக்குது, ஏறுங்க."

மாஸ்டர் வேனைப் பார்த்தார். ஆசையாகத்தான் பார்த்தார்.

"இப்ப முடியாது சார். கையில எடுத்த வேலை ஒண்ணு பாக்கி இருக்கு. அதை முடிச்சிட்டு வந்துடுறேன்."

"இந்த ஆளுக்குப் போயா இவ்வளவு விசுவாசம்? அதுக்குள்ள உங்களை அடிச்சே கொன்னுடுவான் மாஸ்டர்!"

"அதுக்குள்ள முடிஞ்சிடும் சார்."

இனி பேசிப் பயனில்லை என்று மேனேஜர் பெருமூச்சு விட்டார். "சரி, உங்க இஷ்டம். ஒரே ஒரு உதவி மட்டும் பண்ணுங்க. எங்க அப்பாவுக்கும் இதே வியாதிதான். பத்தியச் சாப்பாட்டைத் தொடவே மாட்டேங்குறார். உங்க முதலாளிக்குச் செய்யுற மாதிரி அவருக்கும் செஞ்சு போடணும், பக்குவத்தைச் சொல்லித் தாங்க."

மாஸ்டர் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயய்யோ, அப்பாவுக்கு வேண்டாம் சார்... நான் உப்பு போட்டுத்தான் சமைக்கிறேன்!"