நடுவில் ஒரு தூண்

“தூணை எடுத்தா கூரை பெரியவர் தலையில விழும். அந்தப் பாவம் எனக்கு வேணாங்க!”

இன்ஜினியரிங் மாணவன் லேப்டாப்பைப் பார்த்துக் கத்தினான். திரைக்கு மறுபக்கம், முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கல்லூரியில், கட்டடக்கலை மாணவி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

“நடுவுல தூண் நின்னா அவர் எப்படிங்க சுருண்டு படுப்பார்?”

“சுருண்டு படுக்கணும்னு அவருக்கு என்ன தலையெழுத்து? தாராளமா காலை நீட்டிப் படுக்கட்டும்!”

இரண்டு கல்லூரிகளும் சேர்ந்து இணையத்தில் நடத்தும் பாடம் அது. அவள் வரைய வேண்டும், வரைந்தது விழாமல் நிற்க அவன் கணக்குப் போட வேண்டும். ‘எங்கள் வீட்டுப் பெரியவருக்கு ஒரு வீடு’ என்பது அவளுடைய பேராசிரியர் கொடுத்த வேலை. அவள் நேரிலேயே போய்ப் பார்த்து, பெரியவரைப் பற்றி முதல் பக்கம் முழுக்க எழுதி அனுப்பியிருந்தாள்.

அவன் அதைப் படிக்கவில்லை. கட்டடத்துக்கு எண் போதும், கதை எதற்கு என்பது அவன் கட்சி. நேராக இரண்டாம் பக்கத்துக்குத் தாவி, 1500-க்கு 1000 என்ற அளவை எடுத்துக்கொண்டான். அவன் கல்லூரியில் எல்லாமே சென்டிமீட்டர்தான். ஆக, பதினைந்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம். ஒற்றை ஆளுக்கு இவ்வளவு பெரிய கூடமா என்று ஒரு நிமிடம் திகைத்தான். பெரிய இடம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டான்.

அவளும் சளைத்தவள் இல்லை. அவன் அனுப்பிய கணக்குத் தாள் எதையும் அவள் திறந்ததே கிடையாது. படத்தின் நடுவில் அவன் நட்டுவைக்கும் தூணை மட்டும் தினமும் அழிப்பாள். அவன் தினமும் மறுபடி நடுவான். மூன்று வாரமாக இந்தக் கூத்து நடந்தது.

அவனுக்கு இது விளையாட்டு இல்லை. போன வருடம் இதே பாடத்தில் கோட்டை விட்டவன். இந்த முறையும் போனால் இன்னொரு வருடம் வீண்.

“கூரைக்கு ஒரு மெல்லிசு பலகை போதுங்க” என்றாள் அவள்.

“பலகையா! ரெண்டு பேரும் ஜெயிலுக்குத்தான் போகணும். சரி, கதவு எங்க?”

“கதவு வேணாம். படுத்தபடியே அவருக்குக் கேட் தெரியணும். இடுப்பு வலி வேற, அதனால படியும் வேணாம்.”

“சமையலறை?”

“வேளாவேளைக்கு வீட்டம்மா கொண்டாந்து வெச்சிடுவாங்க.”

“குளியலறையாவது இருக்கா?”

“ஐயோ, குளிக்கணும்னாலே ஓடி ஒளிஞ்சுக்குவார்.”

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த அவன் அக்காவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. “ஏன்டா, அந்த மனுஷனுக்குப் பிள்ளைங்க இல்லையான்னு கேளு.”

கேட்டான்.

“அதுக்கென்ன, ஏகப்பட்டது! எது எங்க இருக்கோ, யாருக்குத் தெரியும்?”

“கலி முத்திப்போச்சு” என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போனாள்.

அவனுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. பெற்ற பிள்ளைகள் கைவிட்ட கிழவரைப் பலகைக்கு அடியில் படுக்க வைப்பதா? யார் கைவிட்டாலும் நான் கைவிட மாட்டேன் என்று அன்றே முடிவு செய்தான். ஆறு டன் இரும்புக்குக் கணக்குப் போட்டான். தூணைப் பத்தில் ஒரு பங்கு அளவில், இடுப்பு உயரத்துக்கு, பிளாஸ்டிக் குழாயில் செய்து சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்துப் பேராசிரியர் வீட்டுக்கே கூரியரில் அனுப்பிவைத்தான்.

தேர்வு நாள் வந்தது. பேராசிரியர் தன் வீட்டுத் தோட்டத்திலிருந்தே வீடியோவில் வந்தார். பக்கத்தில் மாணவி நின்றாள். புல்தரையில் அவன் தூண் கம்பீரமாக நின்றது.

“கணக்குல ஒரு தப்பும் இல்ல தம்பி. ஆனா ஆறு டன் இரும்பு எதுக்கு?”

“பதினஞ்சு மீட்டர் கூடமாச்சே சார்!”

“மீட்டரா?” மாணவி அலறினாள். “நான் போட்டது மில்லிமீட்டருங்க! மொத்தமே ஒன்றரை மீட்டர்தான்!”

“அலகு எழுத மாட்டியாம்மா?” என்று பேராசிரியர் அவளை முறைத்தார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவன் விடுவதாக இல்லை. “ஒன்றரை மீட்டர்ல ஒரு வயசான மனுஷன் எப்படி சார் குடியிருப்பார்?”

பேராசிரியரும் மாணவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“தம்பி, முதல் பக்கத்தைப் படிச்சீங்களா?”

அவன் இல்லையென்று தலையாட்டினான். ஒரு வருடம் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது.

“சரி, குடியிருக்கப்போறவரே தீர்ப்புச் சொல்லட்டும். அவருக்குத் தூண் பிடிச்சா பாஸ், இல்லன்னா இல்ல” என்ற பேராசிரியர், வீட்டுப் பக்கம் திரும்பி விரலை வாயில் வைத்துச் சீழ்க்கை அடித்தார்.

நொண்டிக்கொண்டே வந்த பெரியவர் கேமராவைப் பார்த்து வாலை ஆட்டினார். பிறகு அந்தச் சாம்பல் நிறத் தூணை ஒரு சுற்றுச் சுற்றி, அடி முதல் நுனி வரை முகர்ந்து பார்த்து, முழு மனத் திருப்தியோடு பின்னங்காலைத் தூக்கினார்.