விரித்த கைகள்

உலகின் தென்கோடித் தீவுகளின் பனித்தூறலில் வெள்ளையர்களின் கப்பல் பாய் விரிக்கிறது. நங்கூர வடம் கரகரவென்று மேலேறுகிறது. கப்பலை ஒட்டியே தன் மரப்பட்டைத் தோணியை விரட்டுகிறாள் உசகிப்பா. தோணியின் நடுவே பரப்பிய மண்ணின் மேல், அவள் ஒருநாளும் அணையவிடாத நெருப்பு புகைகிறது. மேலே, அவர்கள் மாட்டிவிட்ட சிவப்புச் சட்டையோடு, கப்பலின் விளிம்பைப் பற்றி நிற்கிறான் அவள் புருஷன் லாபன். விருந்துக்கென்று ஏற்றியவர்கள் இறக்கிவிடவில்லை. "குதிய்யா!" என்று கத்துகிறாள். "எனக்கு நீச்சல் தெரியாதேடி!" என்கிறான் அவன். "நம்ம ஆம்பளைங்களுக்கு என்னைக்குத் தெரிஞ்சிருக்கு? நீந்துறது பொம்பளைங்க வேலைதானே! கடல்சிங்கத்தையே குத்துறவன், தண்ணியப் பாத்து நடுங்குறியே. நான் தூக்கிக்கிறேன், குதி!"

கப்பல் நகர்கிறது. துடுப்பைப் போட்டுவிட்டுக் கடலில் பாய்கிறாள். ஆளில்லாத தோணிக்குள் அலை ஏறி, நெருப்பு உஸ்ஸென்று அடங்குகிறது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குளிர்நீரில் தலையைத் தூக்கி, இரு கைகளையும் அவனை நோக்கி விரிக்கிறாள். லாபனின் ஒரு கால் விளிம்பின் மேல் ஏறுகிறது, இறங்கிவிடுகிறது. மேலே சிரிப்பு, கைதட்டல். வித்தை காட்டிவிட்டுக் கையேந்துகிறாள் என்று நினைத்தானோ என்னவோ, வெள்ளையன் ஒருவன் கண்ணாடி மணிச்சரம் ஒன்றை வீசுகிறான். அது சரியாக அவள் கைகளுக்குள் வந்து விழுகிறது.