மூன்று தட்டு

"குழாயைத் தட்டுய்யா சுயம்பு" என்றார் முதலாளி.

என் கையில் ஸ்பேனர் இருந்தது. தீவனச் சட்டி இல்லை.

விருந்தாளிகள் ஐந்து பேரும் காலை ஏழு மணியிலிருந்து தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மணி பதினொன்றாகிவிட்டது. ஒரு கெண்டைப் பொடிகூடச் சிக்கவில்லை. கான்சாபுரத்து வெயில் விருந்தாளி என்று பார்க்குமா? ஒருவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். இன்னொருவர், குளத்தில் மீனே கிடையாது, முதலாளி கப்சா விடுகிறார் என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் முதலாளிக்குப் பொறுக்கவில்லை.

மீன் இல்லாமலா? மூன்று ஏக்கர் குளம். கோடையில் வற்றவிட்டு, சேற்றுக்குள் பதுங்கிக் கிடந்த விரால்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தவன் நான். ஒரு விரால் தப்பினாலும் போதும், விடுகிற குஞ்சுகளில் பாதியைத் தின்று தீர்த்துவிடும். ஐப்பசி மழையில் குளம் பெருகியதும் கட்லாவும் ரோகுவும் விரல் நீளக் குஞ்சுகளாக லாரியில் வந்தன. பாலித்தீன் பையோடு அரை மணி நேரம் மிதக்கவிட்டேன். பைக்குள் இருக்கும் தண்ணீரின் சூடும் குளத்துத் தண்ணீரின் சூடும் ஒன்றான பிறகுதான் முடிச்சை அவிழ்க்க வேண்டும். அவசரப்பட்டால் பாதி செத்து மிதக்கும். என் கையில் ஒன்றுகூடச் சாகவில்லை.

படித்துறை ஓரமாக மோட்டார் குழாய் ஒன்று தண்ணீருக்குள் இறங்குகிறது. காலையும் மாலையும் அதில் மூன்று தட்டு தட்டிவிட்டுத் தவிடும் கடலைப் புண்ணாக்கும் போடுவேன். ஒரே மாதத்தில் பழகிவிட்டன. இப்போது இரண்டு வருசம் ஆகிறது. தட்டினால் போதும், நாலா பக்கமிருந்தும் முதுகு தெரிய வந்து சேரும்.

வெறுங்கையோடு நான் ஒரு நாளும் தட்டியதில்லை.

எட்டு வருசமாக ராஜபாளையத்துப் பக்கம் நான் போவதில்லை. போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்தேன். பெஞ்சில் இருந்த தெரிந்த ஆள் ஒருவன், பாதி டீயோடு தம்ளரை எடுத்துக்கொண்டு வெயிலில் போய் நின்றான். கோபம் வரவில்லை. டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

நான் கூப்பிட்டு வருவது இந்த மீன்கள் மட்டும்தான். தட்டியதும் தண்ணீர் நெளியும்போது நானும் ஒரு ஆள்தான் என்று தோன்றும். அதற்காகத்தான் தினமும் விடிந்ததும் எழுந்திருக்கிறேன். இன்றைக்குத் தட்டிக் கூப்பிட்டுத் தூண்டிலில் மாட்டவிட்டால் நாளைக்கு வராது. மீனுக்கு அறிவில்லை என்று பேசுகிறவர்கள் மீன் வளர்த்தவர்கள் இல்லை.

சொல்லிப் பார்த்தேன். "ஒரு வாட்டி ஏமாந்துட்டா பொறவு வராது மொதலாளி."

"வராட்டிப் போகுது. வேற குஞ்சு வாங்கி விட்டுக்கிடலாம்."

மூன்று தட்டு தட்டினேன்.

வந்தன. விரல் நீளத்தில் விட்டவை முழங்கை நீளத்துக்கு வளர்ந்திருந்தன. படித்துறையை முட்டிக்கொண்டு வாயைப் பிளந்தன. ஐந்து தூண்டிலும் ஒரே இடத்தில் விழுந்தன.

விருந்தாளிகள் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளைப் போலக் கூச்சல் போட்டார்கள். நான் ஒவ்வொரு மீனாக முள்ளிலிருந்து கழற்றிக் கூடையில் போட்டேன். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. எதுவுமே வரவில்லை.

பத்தொன்பதாவது மீனுக்குப் பிறகு தண்ணீர் சும்மா கிடந்தது. மறுபடி தட்டச் சொன்னார் முதலாளி. தட்டினேன். ஒரு முதுகுகூடத் தெரியவில்லை.

தொப்பிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இது என்ன வித்தை என்று முதலாளியிடம் கேட்டார். முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

"இவன் கூப்பிட்டா மீனென்ன, மனுசனே வருவான். எட்டு வருசத்துக்கு முந்தி, எம்பத்திரெண்டுல, ராஜபாளையத்துல நம்ம மில்லுல ஸ்டிரைக். கேட்டுக்கு வெளிய முப்பது பேரு உண்ணாவிரதம்னு உக்காந்துட்டானுக. உள்ள வாங்க, பேசி முடிச்சுக்கிடலாம்னு இவந்தான் போய்க் கூப்பிட்டான். நம்பி வந்தானுக. உள்ள போலீஸ் வேன் நின்னுச்சு. அன்னைக்கோட சங்கமும் போச்சு, அம்புட்டுப் பேரு வேலையும் போச்சு. அதுக்குத்தான் இந்தக் குளத்தையே இவன் பொறுப்புல விட்டுருக்கேன்."

விருந்தாளிகள் சிரித்தார்கள்.

"முப்பத்தொண்ணு மொதலாளி" என்றேன்.

முதலாளி கூடைக்குள் எட்டிப் பார்த்தார். "பத்தொம்பதுதானய்யா இருக்கு."

நான் மீனைச் சொல்லவில்லை. உள்ளே வேன் நிற்பது அன்றைக்கு எனக்குத் தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டேன். முப்பது பேரும் சந்தேகப்பட்டு உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. முதலாளி கணக்கில் விட்டுப்போன முப்பத்தொன்றாவது ஆள் என் தம்பி காசிராஜன். அவன்தான் முதலில் எழுந்து வேட்டியைத் தட்டிக் கட்டிக்கொண்டு, "எங்கண்ணன் கூப்பிடுதான்லே, எந்திரிச்சு வாங்க" என்று மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தான்.