பாஸ்டனில் நலம்

“பாஸ்டன், பிப்ரவரி 1921. அன்புள்ள அம்மா, நான் இங்கே நலம். பனி கொட்டுகிறது...”

அதற்கு மேல் எழுத ஓடாமல் ஃபின்பார் பேனாவை விட்டெறிந்தான். “பனியைப் பத்தி எழுதி எழுதிக் கையே விறைச்சுப் போச்சுடா. என்னால முடியல!”

நிமிர்ந்து நின்று கத்தக்கூட வழியில்லை, கூரை அவ்வளவு தாழ்வு. ஒரு வருஷமாக இந்த மச்சு அறைதான் அவன் உலகம்.

“கத்தாதேண்ணே,” என்றான் தம்பி டெக்லன். “கப்பல்காரன் மோஸி நாளைக்குக் கிளம்புறான். அந்தக் கரையில இறங்கினதும் தபால்ல போட்டுடுவான். சீக்கிரம் முடி.”

எழுதாமல் தீராது. அயர்லாந்தில் சண்டை வலுத்திருந்தது. சிப்பாய்கள் தேடும் பட்டியலில் ஃபின்பாரின் பெயரும் உண்டு. பாஸ்டன் முத்திரையோடு வரும் கடிதத்தைப் போலீஸ்காரன் பிரித்துப் படித்துவிட்டுத்தான் அம்மாவிடம் தருவான். அது வருகிற வரைக்கும்தான் அவள் வீட்டுக்குத் தீ வைக்காமல் விடுவார்கள்.

ஆனால் ஃபின்பாரின் மனசு ஹனோராவிடம் கிடந்தது. அமெரிக்கா போகிறவனைச் செத்தவனுக்கு அழுவதுபோல் கூடி அழுது வழியனுப்புவது ஊர் வழக்கம். அன்று எல்லாரையும்விட அதிகம் அழுதவள் அவள்தான்.

“அவளுக்கும் ஒரு வரி எழுதிடறேன்டா. ‘காத்திரு’ன்னு ஒரே வார்த்தை.”

“கிழிஞ்சது! நாளைக்குத் தவக்காலம் ஆரம்பம். அப்புறம் ஈஸ்டர் வரைக்கும் கல்யாணம் கிடையாதுன்னு இன்னிக்கே அவளுக்கு மோதிரம் மாத்துறாங்க. உன் கடிதாசி போய்ச் சேர ஒரு மாசம் ஆகும். அதுக்குள்ள அவ அந்த நாற்பது மாட்டுக்காரன் வீட்டுல வெண்ணெய் கடைஞ்சிட்டிருப்பா.”

“ஒரு வருஷம் பொறுக்க மாட்டாளா?”

“நீ திரும்பி வருவேன்னு அவகிட்ட யாரு சொன்னா?”

ஃபின்பாருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை, அதைச் சொல்ல வழியில்லை. சே, என்ன பிழைப்பு இது! குனிந்தபடியே போய்ச் சின்னச் சன்னலைத் தள்ளித் திறந்தான். தெருவில் குதிரை வண்டிகளின் சத்தமும் பிடில் வாசிப்பும் கேட்டன. கழுத்தை வெளியே நீட்டினான்.

கீழே அடுப்படியிலிருந்து அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு அதட்டினாள்:

“தலையை உள்ள இழுடா! ஹனோரா வண்டி நம்ம வாசலுக்கு வந்தாச்சு. பாஸ்டன்ல இருக்கிறவன் தலை நம்ம வீட்டுக் கூரையில தெரியக் கூடாது!”