ஓடாத ஒரே ப்ரோகிராம்

"மொத்தம் அறுபத்து மூணு ப்ரோகிராம் சார். எல்லாத்தையும் திரும்ப டைப் அடிச்சு ஓட்டிப் பார்த்துட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் ஓடல."

பேராசிரியை இதைச் சொன்னதும் மவுஸ் மாமா காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். எது என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்.

தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் பத்திரிகை வாங்கியவர்களுக்கு மவுஸ் மாமாவைத் தெரியாமல் இருக்காது. மாதம் ஒரு ப்ரோகிராம் எழுதுவார். பத்திரிகையில் வந்ததைப் பார்த்து அப்படியே டைப் அடித்தால் திரையில் பாம்பு ஓடும், பந்து குதிக்கும். இப்போது எழுபது வயது. வீட்டில் டி.வி. ரிமோட்டைக்கூடப் பேரன் அவரிடம் தருவதில்லை.

அப்படிப்பட்டவருக்குப் போன் வந்தது. பழைய கம்ப்யூட்டர் பத்திரிகைகளைத் தேடித் தேடிச் சேர்க்கும் ஒரு கல்லூரிப் பேராசிரியை, அவருடைய ப்ரோகிராம்களைப் புத்தகமாகப் போடப் போகிறாராம். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு பேராசிரியையின் அறைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க கடைசியா எழுதின காலண்டர் ப்ரோகிராம் சார். மார்ச் இதழ். 310-ம் வரிக்குப் போன்னு சொல்லுது. ஆனா 290-லயே எல்லாம் முடிஞ்சிடுதே!"

இல்லாத வீட்டுக்கு விலாசம் கொடுத்த கதைதான்.

பேராசிரியை அடுத்த இதழை எடுத்துப் படித்தார். "'டைப் செய்தவரின் கவனக்குறைவால் நேர்ந்த பிழை. மவுஸ் மாமா பொறுப்பல்ல.' இதையே முன்னுரையில போட்டுடலாமா?"

"தாராளமா போடும்மா. அந்த டைப் அடிச்ச பொண்ணு பண்ணின கூத்து அது."

வாய் முந்திக்கொண்டது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் சொல்லிப் பழகிய வாய்.

பேராசிரியை குறித்துக்கொள்ள ஆரம்பித்தார். மாமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அந்த மார்ச் மாதம் பத்திரிகைக்கு இருநூறு கடிதம் வந்தது. ஒரு பள்ளிக்கூட வாத்தியார், இருந்த ஒரே கம்ப்யூட்டரைச் சுற்றி நாற்பது பிள்ளைகளை நிற்க வைத்து, இரண்டு மணி நேரம் டைப் அடித்து, கடைசியில் ஒன்றும் நடக்காமல் அசடு வழிந்ததாக எழுதியிருந்தார். எடிட்டர் கொதித்துப் போய், "யார் தப்பு?" என்று கேட்டார்.

மாமா வீட்டுக்குப் போய்த் தன் நோட்டைப் புரட்டினார். 310 என்றுதான் இருந்தது. அவர் கையால் எழுதியது.

மறுநாள் எடிட்டரிடம், "நான் சரியாத்தான் எழுதிக் கொடுத்தேன். டைப்ல மாறியிருக்கும்" என்றார். எடிட்டர் மூலப் பிரதியைக்கூடக் கேட்கவில்லை.

அந்தப் பெண்ணும் வாயைத் திறக்கவில்லை. பார்த்து அடிக்கத்தான் தெரியும், ப்ரோகிராமெல்லாம் அவளுக்கு என்ன புரியும் என்று மாமா நினைத்துக்கொண்டார். சாயங்காலம் அவள் டிபன் பாக்ஸ், குடை, டிராயரில் இருந்த காகிதக் கட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வேலை போய்விட்டது. மாமா ஜன்னல் வழியாக எதையோ பார்ப்பதுபோல் நின்றுகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ப்ரோகிராம் எழுதக் கை வரவில்லை. நேரமில்லை என்று ஊரை நம்ப வைத்து, வாசகர் கேள்வி பதிலோடு நிறுத்திக்கொண்டார்.

"அம்மா... கொஞ்சம் இரு, எழுதாதே."

பேராசிரியை நிமிர்ந்தார்.

"அது என் தப்பு. நான்தான் 310-ன்னு எழுதினேன். பழியைத் தூக்கி அந்தப் பொண்ணு தலையில போட்டுட்டேன். அவளுக்கு வேலையே போச்சு." மாமா மேஜைமேல் இருந்த இதழைத் தள்ளி வைத்தார். "அறுபத்திரண்டைச் சரியா எழுதினவன், ஒரே ஒரு தப்பை ஒத்துக்க மாட்டேன்னுட்டேனே. வெட்கமா இருக்கும்மா. இதையே முன்னுரையில போடு."

பேராசிரியை எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு பழைய ஃபைலை எடுத்து வந்தார்.

"பழைய இதழ் வேணும்னு விளம்பரம் கொடுத்திருந்தேன் சார். அந்த டைப் அடிச்சவங்க தங்ககிட்ட இருந்ததையெல்லாம் அனுப்பினாங்க. கூடவே இதுவும் வந்துது. சார் கையால எழுதினது, அவர்கிட்டயே சேர்த்துடுங்கன்னு சொன்னாங்க."

"என்னைப் பத்தி... ஏதாவது சொன்னாளா?"

"நல்லா இருக்காரான்னு கேட்டாங்க."

மாமா ஃபைலைத் திறந்தார். அவருடைய மூலப் பிரதிகள். முதல் தாளில் நீல மையில் அவர் எழுதியிருந்த ஒரு வரி எண்ணைச் சுற்றிப் பென்சில் வட்டம். பக்கத்தில் பொடி எழுத்தில் சரியான எண். அடுத்ததில் விட்டுப்போன ஒரு வரியே பென்சிலில் சேர்க்கப்பட்டிருந்தது. மூன்றாவதில் நான்கு இடங்களில் திருத்தம்.

விறுவிறுவென்று புரட்டினார். பென்சில் படாத தாளே இல்லை. பாம்பு ஓடியதும் பந்து குதித்ததும் யார் புண்ணியத்தில் என்று இப்போதுதான் அவருக்குப் புரிந்தது. பேராசிரியை முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கடைசியாக அறுபத்து மூன்றாவது தாள். காலண்டர் ப்ரோகிராம்.

அதில் மட்டும் பென்சில் கோடே இல்லை. 310 அப்படியே இருந்தது. தாளின் உச்சியில் சிவப்பு மையில் இரண்டு வரி. எப்போதோ ஒரு பென்சில் திருத்தம் கண்ணில் பட்ட கோபத்தில் எழுதி, மறந்தே போன மவுஸ் மாமாவின் கையெழுத்துதான்:

"என் எழுத்தில் பென்சில் வைக்க நீ யார்? இனி நான் எழுதியதை ஒரு புள்ளிகூட மாற்றாமல் அப்படியே அடிக்கவும்."