கனிவான குரல்

உப்பளக் குடியிருப்பில் வாசலுக்கு வாசல் மாட்டியிருந்த நோய்ச் சோதனைப் பெட்டியில் காலையில் ஊதினால் போதும், சாயங்காலத்துக்குள் முடிவைப் பெட்டியே வாய்விட்டுச் சொல்லிவிடும். பேசுவது ஜெபமலரின் குரல். நம்ம பொண்ணு சொன்னால்தான் சனம் நம்பும் என்று, அந்தக் குடியிருப்பின் முதல் பட்டதாரியும் சுகாதாரப் பணியாளருமான அவளையே பேசவைத்துப் பதிந்திருந்தார்கள். "இன்னும் கனிவா" என்று கேட்டபோதெல்லாம் அவளும் பூரித்துப்போய்க் கனிந்து தொலைத்தாள்.

நேற்று முத்துக்கனியைப் பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்துக்கொண்டிருக்கையில் அவளுக்கு முடிவு வந்தது. "முத்துக்கனி, உங்களுக்குக் காசநோய் இருக்கு. பயப்படாதீங்க" என்றது பெட்டி, தெருவுக்கே கேட்கும்படி. வந்தவர்கள் டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

இன்று மாத்திரையோடு போன ஜெபமலரை முத்துக்கனியின் அம்மா வாசலிலேயே மறித்தாள்.

"ஏட்டி, முன்னெல்லாம் நீ நடந்து வந்து காதோட சொல்லுவியே. எத்தனை வீட்டுச் சேதி உன் வயித்துக்குள்ளயே கெடந்துச்சு! படிச்ச புள்ளைக்கு இதுகூடவா தோணல?"

தோன்றவில்லை. பதிவு அறையில் தன் குரலைத் தானே ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் நினைவுக்கு வந்தது. முகம் எரிந்தது.

"மன்னிச்சிருங்க அத்தை" என்றாள், பெட்டியில் பேசிய அதே கனிவோடு.

உள்ளேயிருந்து முத்துக்கனி அலறினாள். "யம்மா, அந்தப் பெட்டிய நிப்பாட்டும்மா!"