முகத்துவாரத்துச் சேறு

மலையிலிருந்து ஆற்றோரமாகவே நடந்துவந்த சங்கரபாண்டியன், பதினோராம் நாள் முகத்துவாரச் சேற்றில் தொடைவரை புதைந்தார். கடல் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மட்டிச் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த செபஸ்தியம்மாள் அவர் குரல் கேட்டு வந்தாள்.

"காலை இழுக்காதீய, அப்படியே பின்னால சாயுங்க!"

மட்டியைக் கொட்டிவிட்டுக் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் நெஞ்சை வைத்துப் படுத்து, அவர் கையைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தாள். கொட்டியதெல்லாம் தண்ணீருக்குள் போயிருந்தது.

"உங்க பாடெல்லாம் வீணாப்போச்சேம்மா."

"மட்டி நாளைக்கும் கெடக்கும். எங்க போறீய?"

"கடலைப் பாக்க. மலையிலேர்ந்து நடந்தே வாறேன்."

அவள் சிரிக்கவில்லை. தன் கால் பதிந்த இடத்திலேயே கால்வைக்கச் சொல்லி முன்னால் நடந்தாள். அலை தெரிந்ததும் ஒதுங்கி நின்றாள்.

"போய்ப் பாருங்க."

அவர் இரண்டடி வைத்துத் திரும்பினார்.

"நீங்களும் வாங்கம்மா. இவ்வளவு தூரமும் தனியாத்தான் வந்தேன்."